பூங்காச் சபையின் புதிய தலைவர்

செவ்வாய்க்கிழமை இரவு, வெம்பிளி.

எங்கள் சபை இன்று அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. லண்டனுக்கு வெளியே ராட்டினங்களும் ஹோட்டல்களும் நிற்கும் அந்தப் பூங்கா நிலத்துக்கென்று தனிச்சபை. கட்டட அனுமதி கொடுப்பதும் தீப்பாதுகாப்புப் பார்ப்பதும் எங்கள் வேலை. இதுவரை பூங்கா முதலாளிதான் சபையை நியமித்தார். அவர் அமைச்சரை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசினார். அதற்குப் பதில் இது.

புதிய தலைவர் அறைக்குள் வந்ததும் நான் எழுந்து அடையாள அட்டையை நீட்டினேன். யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி என் பெயரை மெதுவாக வாசித்தார்.

கூட்டம் முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார். நாளை ஊழியர்களை ஒவ்வொருவராக அழைப்பாராம். யார் யார் முதலாளியின் ஆட்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் பக்கத்தில் இருக்க வேண்டும். "நீங்கள் பேசத் தேவையில்லை, தலையசைத்தால் போதும்," என்றார், மிக மரியாதையாக.

வீட்டில் இதைச் சொன்னதும், கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி தண்ணீரை நிறுத்தினாள்.

"ஏலாது எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அப்ப என்னப்பா செய்தனீங்கள்?"

"ஓம் எண்டு தலையாட்டிப்போட்டன்."

அவள் படுக்கப் போய்விட்டாள். அன்று ஊரில் இராணுவம் ஆட்களை வரிசையில் நிறுத்தியபோது என் அண்ணையைக் காட்டிக்கொடுத்தவனும் வாய் திறக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினான். அவனுக்காவது முகத்தை மூட ஒரு சாக்குப் பை கொடுத்திருந்தார்கள்.