கொத்தனாரின் தாடி

அன்புள்ள சின்னவனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், உன் அக்காவும் மாப்பிள்ளையும் அப்படியே, என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்ற தெம்பில்தான் நாங்கள் இருக்கிறோம். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் கொத்தனார், பக்கத்தில் அவர் மனைவி, தோளில் மகள். விமான நிலையத்துக்குப் போகச் சொல்லி அம்மா போனில் நச்சரித்தது இவர்களுக்காகத்தான். நின்றுகொண்டே படிக்காதே, முதலில் குழந்தையைக் கையில் வாங்கு.

துறைமுகத்துச் சரக்குக் கொட்டகையை அகதிகள் முகாமாக்கியிருக்கிறார்கள், வாரம் ஒருநாள் சலூனைப் பூட்டிவிட்டு அங்கே முடிவெட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா. கவிழ்ந்த படகிலிருந்து இவர்களைத் தூக்கியது வேறொரு நாட்டுக் கப்பல், இறங்க இடம் கொடுத்தது நாம், வாழ இடம் கொடுப்பது நீ இருக்கும் நாடு. ஆளுக்கொரு கை கொடுக்கும்போது என் கையும் இருக்கட்டுமே என்று போனேன், அதுதான் வினையாகிவிட்டது. கொத்தனாருக்கு நெஞ்சுவரை தாடி, உப்புத் தண்ணீரில் சிக்குப் பிடித்துக் கிடந்தது. எடுக்கவா என்று சைகையில் கேட்டேன், தலையாட்டினார், வழவழவென்று மழித்துவிட்டேன். மறுநாள் உங்கள் நாட்டு அதிகாரியம்மா வந்து பார்த்தால் கையிலிருக்கும் போட்டோவில் தாடிக்காரர், எதிரே வேறு யாரோ. போதாக்குறைக்குக் குழந்தையும் அப்பாவைப் பார்த்து வீறிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆள் மாறாட்டமோ என்று சந்தேகம் வந்து அவர் பயணத்தை நிறுத்தி வைத்தார்கள், மனைவியும் குழந்தையும் போகலாம் என்றார்கள். அந்தப் பெண் அவரில்லாமல் நகரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஊர்ல இருக்கற தாடியெல்லாம் உங்க கண்ணைத்தான் உறுத்துமா" என்று அம்மா ஏசினாள், நியாயம்தான்.

கடைசியில் அந்தப் பெண்ணே வழி சொன்னாள். புருஷன் மோவாயை நிமிர்த்தி, அடியிலிருந்த தையலைக் காட்டி, படகு கவிழ்ந்தபோது கிழிந்ததற்குக் கப்பல் நர்ஸ் போட்டது, அவரைக் கேளுங்கள் என்று மொழிபெயர்ப்பவரிடம் சொல்லியிருக்கிறாள். நம் ஆட்கள் கப்பலுக்குச் செய்தி அனுப்பினால் அது திரும்பவும் கடலில், வேறு படகைத் தேடிப் போயிருந்தது. காத்திருந்து காத்திருந்து ஒருவழியாக நர்ஸ் திரையில் வந்தார், மோவாயைத் தூக்கச் சொல்லி உற்றுப் பார்த்தார். "என் தையல்தான், கோணலா இருக்கு பாருங்க, அன்னைக்குக் கப்பல் அந்த ஆட்டம் ஆடுச்சு" என்றாராம். உங்கள் அதிகாரியம்மாவே சிரித்துவிட்டார். மூன்று நாட்டு ஆட்கள் ஒரு மோவாய்க்காகக் கூடி நின்றதைப் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. புதுப் போட்டோ எடுத்தாயிற்று. போய்ச் சேரும்வரை முகம் அதுபோலவே இருக்க வேண்டுமே, ஒருநாள் விட்டு ஒருநாள் நானே சவரம் செய்துவிடுகிறேன். குழந்தையும் இப்போது அந்தத் தையலைத் தடவிக்கொண்டுதான் தூங்குகிறது.

அங்கே குளிருமாமே, குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடு. கொத்தனார் சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி இருக்குமாம், உனக்குத் தெரிந்தவர்களிடம் அவர் வேலைக்குச் சொல்லி வை. அவரோடு மெதுவாகப் பேசு, உனக்கும் போன புதிதில் பாஷை தெரியாதுதானே. நீயும் தாடி வளர்ப்பதாக அக்கா போட்டோவில் காட்டினாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எடு என்று நான் சொல்லமாட்டேன், ஒரு தாடியில் பட்டது போதும். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. குறையொன்றும் இல்லாமல் நீ நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும்.

நாளைக் காலை இவர்கள் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு சவரம் இருக்கிறது. உன் முகத்தை நான் தொட்டு வருஷக்கணக்காகிறது. என் கை பட்ட முகம் ஒன்றை உன்னிடம் அனுப்புகிறேன், பார்த்துக்கொள்.

உன் அப்பா