கதவில் இடித்த காயம்

தங்கச்சி,

"நீயே பேசி அவரைத் திருத்துக்கா" என்று நீ அழுதாய். சொந்தக்காரர்களுக்கு மனநல ஆலோசனை தரக்கூடாது என்ற எங்கள் தொழில் விதியை அன்றே காற்றில் பறக்கவிட்டேன். வாராவாரம் உன் புருஷன் என் அறையில் உட்கார்ந்து, உன் தலையை எப்படிச் சுவரில் மோதினான் என்று சாவகாசமாகச் சொன்னான். நான் ஃபைலில் எழுதிக்கொண்டேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை உடைக்க வேண்டும் என்பதும் விதிதான். மாப்பிள்ளை திருந்துகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெற்றி வீங்கி வந்து, "கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாய். தெரிந்தே தலையாட்டினேன். என் படிப்பில் தீ வைக்க!

நேற்று அவனிடம், "போலீஸ்ல சொல்லப் போறேன்" என்றேன். மேஜையில் இருந்த கண்ணாடி ஜாடியை என் முகத்தில் அடித்து உடைத்தான். "இப்ப இதையும் எழுதிக்கோ" என்றான். ஏழு தையல்.

ஃபைலைப் போலீசில் கொடுத்துவிட்டேன். அவன் இன்னும் சிக்கவில்லை. இதைக் கொண்டுவரும் பெண் போலீசோடு உடனே கிளம்பு; துணிமணி எடுக்க நிற்காதே.

இன்னொன்று. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதும், என் வாயில் முதலில் வந்ததும் அந்தக் கதவுதான்.

உன் அக்கா