அலுமாரிக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

மடவளை
8.9.2025

கஜாலினிக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று பத்து நிமிடமாகப் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்து ஐந்து வருடம். கோல் எடுத்தாலும் போகாது. தபால்காரரை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்பது இன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. ஆகவே, அஸ்ஸலாமு அலைக்கும். நீ முந்தி மாதிரி "வணக்கம், வ அலைக்கும், சாப்பிட்டியா" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே படி.

எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் நம் கடையை மூடிய நாளிலிருந்து கலியாணக் கார்டெல்லாம் போனில்தான் செய்கிறேன். கண் பூத்துப் போகிறது. இப்போது ஒரு பள்ளிக்கூடம் பரிசளிப்பு விழா மலரை என்னிடம் தந்திருக்கிறது. எண்பது பக்கம்! போனில் செய்தால் எனக்குக் கண்ணாடி, போனுக்கு மையித்து அடக்கம்.

கண்டி டவுனில் எல்லாச் சாமானும் சேர்த்துப் பூட்டி வைத்த கம்ப்யூட்டர் என்ன விலை என்று கேட்டேன். கேட்ட வேகத்திலேயே கடைப்படி இறங்கிவிட்டேன். "சாமான தனித்தனியா வாங்கிப் பூட்டினா மலிவா முடியும் புள்ள" என்கிறார் பக்கத்துத் தெரு அர்கம் நானா. யார் பூட்டுவது? அவர் என்னைப் பார்த்தார், நான் உம்மாவைப் பார்த்தேன், உம்மா முகட்டைப் பார்த்தார்.

கையில் ஒன்றரை இலட்சம் இருக்கிறது, அதுக்கு மேல் சல்லிக் காசு இல்லை. என்ன வாங்கவேண்டும் என்று எழுது. என்மேல் உள்ள கோபத்தைக் கடித முடிவில் தனியாக எழுதிக்கொள்.

ஸுமைரா

*

கெலிஓயா
12.9.2025

ஸுமைராவுக்கு,

தங்களது 8.9.2025 ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது.

வணக்கம். வ அலைக்கும். சாப்பிட்டியா.

கோபம் பற்றி எழுத இடம் போதாது, அதனால் கம்ப்யூட்டர் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலாவது, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ப்ராசசர் வாங்கு. தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கினால் உன் காசில் பாதி அங்கேயே போய்விடும். நீ செய்வது கார்டும் மலரும், விளையாட்டு இல்லை. ரேம் பதினாறு வேணும். அதையும் ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு போடு, வேகம் கூட வரும். பழைய ஹார்ட் டிஸ்க் ஆராவது சும்மா தந்தாலும் விண்டோஸை அதிலே போடாதே. எஸ்.எஸ்.டி.தான். பாவித்த பழைய திரை போதும், ஆனால் நீயே போய் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பிடிக்காதே. உன்னை எனக்குத் தெரியும். மற்றச் சாமான் எல்லாத்தையும் சாகடிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

வெளிப்பெட்டி, அதுதான் கேசிங், வாங்க வேண்டாம். எங்கட கடையில் இருந்த பழைய கேசிங் எங்கே?

இப்படிக்கு,
ந. கஜாலினி

*

மடவளை
17.9.2025

முழுப்பெயரில் கையெழுத்துப் போடுகிற பெரிய மனுசிக்கு,

உன் கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன். உம்மா ஒரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "சாப்பிட்டியா" வந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். அடுப்படியில் வெங்காயமே இல்லை.

கேசிங் இருக்கிறது. ஐந்து வருடமாக உம்மாவின் தையல் பெட்டிக்குக் கீழே முக்காலியாக நிற்கிறது. நீயும் நானும் ஒட்டிய 'ஸுகா கிராஃபிக்ஸ்' ஸ்டிக்கரில் ஒரு மூலைதான் கிழிந்திருக்கிறது. ஆனால் மதர்போர்டை நிறுத்துகிற பித்தளைக் கால்கள் ஒன்றையும் காணோம், ஆணியும் இல்லை.

டவுனில் ஸிபான் நானாவின் கடைக்குப் போனேன். நல்ல மனுசன், ஆனால் வண்ண லைட்டில் பைத்தியம். ஃபேனுக்கு லைட், ரேமுக்கு லைட். "எரிஞ்சா வடிவா ஈக்கும் தங்கச்சி" என்கிறார். கலியாண வீடா நடத்தப்போகிறேன் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இனி நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உனக்கு அரசாங்க நியமனம் வந்ததை மூன்று வாரம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? கார்ட் எடுக்க வந்த ஒரு ஆள் சொல்லித்தானே எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நம் கடையிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

ஸுமைரா

*

கெலிஓயா
24.9.2025

ஸுமைரா,

நான் மறைக்கவில்லையடி. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வந்தேன். நீ கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை போட நிறம் பார்த்துக்கொண்டிருந்தாய். "கஜா, மஞ்சளா பச்சையா?" என்று கேட்கிற உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நான் பயந்தாங்கொள்ளி. அது என் பிழை, ஐந்து வருடம் பிந்தி எழுதுகிறேன்.

உன் பிழையையும் எழுதுகிறேன். ஆறு ஆட்கள் நிற்கிற இடத்தில் வைத்து, "அரசாங்கக் கதிரை கிடைச்சா மனுசரையே கண் தெரியாது" என்றாய். பஸ்ஸில் பேராதனை வரை அழுதுகொண்டு வந்தேன். நடத்துநர் மிச்சக் காசைக்கூடக் கேட்காமலே தந்தார்.

சரி, விடு. நேற்று அலுவலகம் விட்டதும் ஸிபானின் கடைக்குப் போனேன். ப்ராசசர், போர்ட், ரேம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை எல்லாம் நானே பெட்டி பெட்டியாகப் பார்த்து, உன் பெயரில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஒரு லைட்டும் இல்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. நீ போய்க் காசைக் கட்டி எடு, உன் கணக்குக்குள்ளேதான் வருகிறது.

இந்தப் பார்சலில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது, விண்டோஸ் ஏற்ற. இருமல் வில்லை டின் ஒன்றும் இருக்கிறது, கவனமாகத் திற. பித்தளைக் கால்கள் ஒன்பதும் ஆணிகளும் அதற்குள்ளே. கடைசி நாள் கேசிங்கைத் துடைக்கக் கழற்றினேன், சண்டையில் கைப்பையோடு வந்துவிட்டது. ஐந்து வருடமும் அலுவலக மேசை லாச்சியில் இருந்தது. எறிய மனம் வரவில்லை.

கால்களை முதலில் பூட்டு, பிறகு போர்டை வை. பலவந்தம் பண்ணாதே.

கஜா

*

மடவளை
8.10.2025

கஜா,

பூட்டி முடித்தேன். நான்! ஸுமைரா! பிஸ்மில்லாஹ் சொல்லி ப்ராசசரை இடத்தில் வைத்தேன். ஒன்பது காலும் ஒன்பது ஓட்டையில் அப்படியே போய் உட்கார்ந்தன.

ஆனால் ஏறவில்லையடி. நேற்று மத்தியானம் கடைசி ஆணியைத் திருகும்போது இடி தொடங்கிவிட்டது. உம்மாவைத் தெரியும்தானே, ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு மின்னல் தெரிந்தாலே "வயரெல்லாம் கழட்டு புள்ள" என்று வீட்டையே அணைத்துவிடுவார். அஸர் தொழுது, மழை விட்டதும் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. ஃபேன்கூட அசையவில்லை. ரேமைக் கழற்றிப் போட்டேன், வயரைக் கழற்றிப் போட்டேன், ஸலவாத்து ஓதினேன். செத்த மாடு மாதிரிக் கிடக்கிறது.

"கஜா பார்த்து எடுத்த போர்ட்தான் பழுது" என்று ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு சொல்லால் ஐந்து வருடம் போனது போதும். அன்றைக்கு அந்த ஆறு ஆட்களுக்கு முன்னால் நான் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். போர்ட் வேலை செய்தாலும் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவாயா? பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. சோறு ஆக்கி வைக்கிறேன், உனக்கு மரக்கறிதான்.

ஸுமைரா

*

மடவளை
13.10.2025

என் கஜாவுக்கு,

கையெழுத்தைக் காணோமே என்று பயப்படாதே, இது டைப் பண்ணியது. நேற்று நீ அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு, சுவர் சுவிட்சைத் தட்டி, "எடி விசரி, கரண்ட்டே இல்லாமல் எப்படி ஏறும்?" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் இந்த அறையில்தான் நிற்கிறது. உம்மா இடிக்கு அணைத்தது, திரும்பப் போட மறந்துவிட்டார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். புதன்கிழமை காலையில் உனக்குக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, கூட்டுவதற்காக அலுமாரியை இழுத்தேன். சுவிட்ச் அணைந்து கிடந்தது. தட்டினேன், அழுத்தினேன், ஃபேன் சுற்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ருக்கியா ஓடி வந்துவிட்டாள்.

செருப்பும் போடாமல் தபால் பெட்டிக்கு ஓடினேன். தபால்காரர் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். கேட்டிருந்தால் கடிதத்தைத் திருப்பித் தந்திருப்பார். ஆனால் என் வாயில் வந்தது, "ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி கெலிஓயாவுக்குப் போய்ச் சேருமா?" என்பது மட்டும்தான்.

நேற்று நீ பஸ்ஸால் இறங்குவதை ஜன்னலால் கண்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். "இடியே இல்லியே, என்னத்துக்கு ஓஃப் பண்ற?" என்றார் உம்மா. வாயைப் பொத்தி அடுப்படிக்கு அனுப்பினேன்.

கள்ளி என்று திட்டு. கம்ப்யூட்டர் ஏறிவிட்டது என்று எழுதினால் நீ "சந்தோஷம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். எனக்கு நீ வேணும்.

ஸுமைரா

*

கெலிஓயா
16.10.2025

என் கள்ளிக்கு,

எனக்கு நேற்று உன் கடிதம் வந்துதான் தெரியும் என்றா நினைக்கிறாய்? விண்டோஸ் ஏற்றாத கம்ப்யூட்டரை முதல்முறை போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துத்தான் வரும். உன்னுடையது பூப்போட்ட படத்தோடு எழும்பி நின்றது. நடுவிலே 'ஸுகா' என்று ஒரு ஃபோல்டர் வேறு. நீ தேத்தண்ணி ஊற்றப் போன நேரம் திறந்து பார்த்தேன். விழா மலர் பதினாறு பக்கம் முடிந்திருக்கிறது. செத்த மாடு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது!

சொன்னால் திருத்துகிற வேலை முடிந்தது என்று நான் எழும்ப வேண்டி வரும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு கடைசி பஸ் வரைக்கும் இருந்தேன். உன் பொய்யைவிட உம்மாவின் கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாயிருந்தது.

பதினேழாம் பக்கத்திலிருந்து எனக்கும் பங்கு வை. சனிக்கிழமைகளில் வாறன்.

ஒரு கள்ளத்தனம் என்னிடமும் உண்டு. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் தடையை எடுத்துவிட்டேன். சொன்னால் நீ கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று சொல்லவில்லை. ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருந்தால் எடுத்திருப்பேனடி, மக்கு.

கஜா