தம்பியின் இடத்தில் கோடு இல்லை

அக்கா,

உங்கள் போனை மாமி எடுப்பதால் எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

தம்பியின் தொடையிலிருந்து எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிய தசைத் துண்டின் முடிவு வந்துவிட்டது. டொக்டர் ஒரு படம் காட்டினார். தசையிலுள்ள புரதங்களைப் பிரித்து, மெல்லிய தாளில் ஒற்றி எடுப்பார்களாம். சுகமான பிள்ளையின் இடத்தில் தடித்த கறுப்புக் கோடு இருந்தது. தம்பியின் இடத்தில் ஒன்றுமே இல்லை. மரபணுவில் உள்ள ஒரு பிழையால், தசையைத் தாங்கும் புரதம் அவனுக்கு உருவாகவே இல்லையாம். நடக்கப் பஞ்சிப்படுகிறான், சோம்பேறி என்று நாங்கள் அவனை எவ்வளவு ஏசினோம்!

"இது தாய்வழியாலை வந்திருக்கலாம். பொம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்? அவையளுக்குப் பிறக்கிற பெடியளுக்கும் வரலாம்," என்றார் டொக்டர்.

"இவள் ஒருத்திதான் ஐயா," என்றார் அம்மா.

வெளியே வந்ததும், உங்களை ஏன் மறைத்தார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவள் இப்ப பிள்ளைத்தாச்சி. மாமிக்காரி அறிஞ்சால் அவளை அங்கை வாழ விடுவாளோ? நீ வாயைப் பொத்திக்கொண்டு வா."

பேரன் வேண்டுமென்று மாமி சன்னதிக் கோவிலில் நேர்ந்திருக்கிறாராமே. நான் பெண்பிள்ளை கேட்டு நேர்ந்திருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

ஆனால் நேர்த்தி போதாது அக்கா. எங்கள் இரண்டு பேரிடமும் அந்தப் பிழை இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாமாம். என்னையும் வரச் சொன்னார்கள், தனியே போகப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். தங்கச்சிக்குத்தான் சுகமில்லை, துணைக்குப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லுங்கள்.

உங்கடை தங்கச்சி