அப்பாவின் மண்டகப்படி

ரோம்
4.5.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனீர்களா, இல்லை வழக்கம்போல் தைலம்தானா?

இத்துடன் இருப்பது நான் ஆராயும் பதினேழாம் நூற்றாண்டு பரோக் பாணி ஓவியத்தின் படம். மாதாவின் காலடியில் முழங்காலில் நிற்பவர் புனிதர் இல்லை, பீடத்துக்குப் பணம் கொடுத்த பிரபு. பக்கத்தில் அவர் மகள். பணம் கொடுத்தவர் கேட்ட இடத்தில்தான் ஓவியர் அவரை வரைய வேண்டும்.

இதை, நீங்கள் திருவிழாச் செலவை ஏற்கும் நம் கோயில் மண்டகப்படியோடு சேர்த்துத் தமிழில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரும் வருகிறது. கடைசிவரை படியுங்கள். வேண்டாம் என்றால் பத்திரிகைக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் ஜெஸ்ஸி

திண்டுக்கல்
2.6.1998

என் தங்க மகளுக்கு,

தைலம்தான். கட்டுரை வந்தது. முதல் பக்கத்திலேயே என் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, மேலே படிக்க ஓடவில்லை. வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? பதிமூன்றாம் தேதி அந்தோணியார் திருவிழாவில் நம் மண்டகப்படி. எனக்கு முதல் மாலை போட்டதும், சப்பரம் கிளம்புமுன், இருதயநாதன் வாத்தியார் மைக்கில் வாசிப்பார். அந்தோணிராஜ் மக யாருன்னு ஊரே கேக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு தாயி.

உன் அப்பா

ரோம்
15.6.1998

அப்பா,

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். வாசித்துவிட்டார்களா? நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் அது முதலில் நீங்கள் மட்டும் படிக்க அனுப்பியது. பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.

ஜெஸ்ஸி

திண்டுக்கல்
30.6.1998

ஜெஸ்ஸிக்கு,

வாசித்தார்கள். வாத்தியார் பாதியில் தயங்கினார். நான்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். சப்பரம் தூக்கும், நம் ஷாப்பில் தோல் பதனிடும் ஆட்களுக்குக் கோயில் வாசலோடு சரி, தூக்காத என் தோளுக்கு முதல் மாலை என்று எழுதியிருந்தாய். அவர்கள் நின்று கேட்டார்கள். அவர்களில் ஆரோக்கியதாஸ் மட்டும் பேசினான்.

"பாப்பா சரியாத்தான எழுதிருக்கு. இந்த வருசம் நீங்க தூக்குங்க மொதலாளி."

சப்பரத்தைத் தொடாமலே எல்லாரும் போய்விட்டார்கள். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் சப்பரத்தின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அந்தோணியார் இந்த வருடம் தெருவுக்கு வரவில்லை. எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

நீ அனுப்பிய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிரபு பக்கத்தில் மகள் பட்டுடுத்தி நிற்கிறாள். உன் கட்டுரையில் பிரபு இருக்கிறார், நான் இருக்கிறேன். அந்தப் பட்டு யார் உழைப்பில் வந்தது என்று ஒரு வரி இல்லை. மகளே இல்லை.

படிப்புச் செலவுக்கு எப்போதும்போல் பேங்க்கில் கட்டிவிடுகிறேன். கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
சூ. அந்தோணிராஜ்