பால்கனிக்கு டிக்கெட் இல்லை

மார்ச் 3
டிக்கெட் கவுண்டரைத் திறந்த கையோடு அத்தான் புரொஜெக்டர் அறையிலிருந்து இறங்கி வந்தார். "பால்கனிக்கு டிக்கெட் குடுக்காதம்மா. சீட்டெல்லாம் ஆடுது." அக்கா புருஷன். முப்பது வருஷமாக இங்கே படம் ஓட்டுகிறவர். சரி என்றேன்.

மார்ச் 5
அவர் சாப்பிடப் போன நேரத்தில் பால்கனிக்கு ஏறி ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. பிறகு எதற்கு இந்தப் பொய்?

மார்ச் 9
காலையில் அத்தானோடு ஒரு வெளியாள். டேப் வைத்துப் பால்கனியை அளந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.
"யாரு அத்தான்?"
"தெரிஞ்சவரு."
அவ்வளவுதான்.

ஊர் கூடிச் செங்கல் சுமந்து எழுப்பிய அரங்கம் இது. எண்பது வருஷமாக நாடகமும் சினிமாவும் இங்கேதான். இடித்துவிட்டுக் கடைகள் கட்ட ஒரு முதலாளி நாயாய் அலைகிறார். பால்கனியை மூடினால் கூட்டம் பாதி. கூட்டம் இல்லையென்றால் அரங்கத்தை நடத்தும் ஊர்க் கமிட்டியே விற்கச் சொல்லும். அத்தானா? சே! ஆனால் வேறென்ன?

மார்ச் 10
அக்காவிடம் கேட்கலாமா? கேட்டால் அடுத்த நிமிஷம் அவர் காதுக்குப் போய்விடும்.

மார்ச் 14
கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "டேப்போட வந்தவன் யாரு? அந்த முதலாளி அனுப்புன ஆளா?"
அத்தான் என்னையே பார்த்தார். "உனக்கு அப்படித் தோணுதா?" சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார். தப்புச் செய்யாதவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாரா?
ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்குப் பால்கனி முழுவதும் டிக்கெட் கொடுத்தாயிற்று.

மார்ச் 17
அக்கா வந்தாள். உட்காரக்கூட இல்லை.
"டேப்போட வந்த ஆளு இன்ஜினியருடி. பால்கனிக்கு அடியில உத்தரம் விட்டுப்போச்சு. வெளிய தெரிஞ்சா அதிகாரிங்க சீல் வெச்சிருவாங்க, அந்த முதலாளிக்குக் கொண்டாட்டம்னு, சத்தமில்லாம முட்டுக் குடுக்கப் பாத்தாரு. உன்கிட்ட சொன்னா மறைக்கத் தெரியாதுன்னு சொல்லல."

ஓடினேன். ஒத்திகையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பால்கனிக்கு அடியில் ஏணி போட்டுப் பலகையைப் பெயர்த்தேன். உத்தரத்து விரிசலில் என் விரல் நுழைந்தது. அதன் மேல் நூற்றுப் பத்துப் பேரை உட்காரவைக்க இருந்தேன்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அத்தான்? நான் மட்டும் என்ன, தனியா கூப்பிட்டுக் கேட்டேனா? ஊரக் கூட்டி வெச்சுல்ல கேட்டேன்...
நாடகத்தை நிறுத்திவிட்டேன். அதிகாரிகளுக்கு நானே எழுதிப்போட்டேன். மறைக்கத் தெரியாதுதான் எனக்கு.

மார்ச் 24
சீல் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 20
திறந்தோம். பால்கனிக்கு அடியில் நாலு இரும்புத் தூண். இனி டிக்கெட் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான். மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் அத்தான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. புது ஆபரேட்டராக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 8
மதியக் காட்சி. வரிசையில் நிமிர்ந்து பார்த்தால், அத்தான். "ஒண்ணு" என்றார். கிழித்துக் கொடுத்தேன். புரொஜெக்டர் அறை மாடிப்படிப் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார். படம் முடிந்ததும் கவுண்டரில் நின்றார்.
"எடது ஓரத்துல மங்கலா இருக்கு. லென்ஸக் கொஞ்சம் திருப்பச் சொல்லு."
மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். "அக்கா, யாரு சொன்னது?" என்றாள் அந்தப் பெண்.
"எங்க அத்தான்" என்றேன்.