துணி சுற்றிய வளையல்கள்

வளைகாப்புக்குத் தாம்பாளம் தேடிப் பரணில் ஏறினேன். கையில் அகப்பட்டது மகளின் நான்காம் வகுப்புத் தமிழ் நோட்டு. திறந்ததும் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை. கிழிந்த அட்டையைக் கம்பெனிப் பசையால் ஒட்டித் தந்தவள் நீ. வாசனை இருக்கிறது, நீதான் இல்லை.

'பயன்தரும்' என்பதற்கு ஒத்த சொற்கள் அன்றைய வீட்டுப்பாடம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்த நம் இருவரில் படிப்பில் நீதான் கெட்டி.

"வளமான, செழிப்பான, பலனுள்ள, விளைச்சல் தர்ற... எழுதிக்கோ. எவ்ளோ பேரு இருக்குது பாரு! நம்ம சூப்பர்வைசருக்கு ஒரே பேருதான் தெரியும், புரொடக்‌ஷன்."

நான் சிரித்து முடிப்பதற்குள் மகள் எதிர்ச்சொல் கேட்டாள். நீ நோட்டை அவள் பக்கம் நகர்த்தினாய். "தரிசுன்னு எழுதும்மா" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நடந்த வளைகாப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. "புள்ள இல்லாதவ கை படக்கூடாது" என்று உன்னைச் சொன்னார் மாமியார். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் லீவு போட்டு, மறுநாள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு உன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தேன். என் புத்தி அவ்வளவுதான். கையை அசைத்தால் தையல் லைன் முழுக்கக் கேட்டது.

நீ ஷூவின் உள்பக்கம் வைக்கும் லைனிங் துணியில் ஒரு பட்டை வெட்டி, என் வளையல்களின் மேல் சுற்றிக் கட்டினாய்.

"மெஷின்ல மாட்டிச்சுன்னா ஒடஞ்சிடும்டி. ஒடையக்கூடாது."

அதன்பின் பிரசவ லீவு வரை, நீ தைத்து முடித்த பீஸ்களில் ஒரு கட்டு தினமும் சத்தமில்லாமல் என் கணக்கில் சேர என் தட்டுக்கு வந்துவிடும். என் கால் வீக்கம் உனக்குத்தான் தெரிந்தது; என் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

மன்னிப்புக் கேட்க எத்தனை டீ பிரேக் இருந்தது! நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய். இப்போது யாரிடம் சொன்னாலும், "ஊர் வழக்கம்தானே, வுடு" என்கிறார்கள். விட முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீ.

வெள்ளிக்கிழமை அந்த மகளுக்கு வளைகாப்பு. நேற்றுக் குங்குமச் சிமிழோடு அழைக்கக் கிளம்பியவள், நேராக உன் வாசலில் போய் நின்றேன். உன் வீட்டுக்காரர் குடியாத்தத்துக்கே போய்விட்டது அப்புறம்தான் உறைத்தது. பூட்டிய கதவின் நிலையில் குங்குமம் வைத்து, "வந்துடுடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தத் துணிப் பட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அந்தக் கையால்தான் மகளுக்கு வளையல் போடுவேன். முதல் வளையலைப் போடுவது நான் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும்.